மறைந்திருக்கும் மாறுபாடு: தாவரப் பண்புகளில் ஹெச்எஸ்பி-90 புரதத்தின் பங்கு

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் தாலியானா என்ற சிறு செடியில் நடந்த ஓர் ஆய்வு 2002ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கிறிஸ்டின் க்வைட்ஷ், டாட் சாங்ஸ்டர், சூசன் லிண்ட்குவிஸ்ட் ஆகிய மூவரும் நாற்றுகளில் ஒரே ஒரு புரதத்தின் செயலை மருந்து கொடுத்து மட்டுப்படுத்தினார்கள். செடி சாகும் அளவுக்கு அல்ல, சற்றே தளரும் அளவுக்குத்தான். நாற்றுகள் பலவாறாகத் திரிந்தன. சிலவற்றின் இலையடுக்கு சமச்சீர் இழந்தது, சிலவற்றில் ஊதா நிறமி ஏறியது, சிலவற்றில் வேரின் வளர்ச்சி தடம் மாறியது. எந்தத் திரிபு வரும் என்பதைத் தீர்மானித்தது மருந்து அல்ல, செடியின் வம்சாவளி. ஓர் ஊர் விதையில் மிகுதியாக வந்த திரிபு இன்னோர் ஊர் விதையில் அரிதாக இருந்தது. மருந்தே இல்லாமல் வெப்பத்தை மட்டும் சற்று உயர்த்தி வளர்த்தபோதும் இதே போன்ற திரிபுகள் தலைகாட்டின.

அந்தப் புரதம் ஹெச்எஸ்பி-90, வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் ஒன்று. மரபணுக்களில் முன்பே இருந்து, பண்பாக வெளிப்படாமல் அடங்கிக் கிடந்த வேறுபாடுகளை இது தேக்கி வைக்கிறது, நெருக்கடி வரும்போது திறந்து விடுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய பெயர் ‘மின்தேக்கி’. அந்தப் பெயர் வேகமாகப் பரவி, பாடநூல்களுக்கும் போய்விட்டது. இந்தப் புரதம் மரபணுவுக்கும் பண்புக்கும் இடையிலுள்ள உறவை மாற்றுகிறது என்பதற்குத் தாவரங்களில் கிடைத்துள்ள சான்று வலுவானது. எதிர்காலத் தேவைக்காக மாறுபாட்டைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு என்று அதைப் படிப்பதற்குச் சான்று இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் பயிர்ப் பெருக்கத் துறையில் தவறான எதிர்பார்ப்புகளும் தவறான ஐயங்களும் ஒருசேர வளர்ந்துள்ளன என்பதே என் வாதம்.

வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் கதை பழ ஈயில் தொடங்குகிறது. 1962இல் இத்தாலியரான ஃபெருச்சோ ரித்தோசா, வெப்பம் கூடியபோது ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களில் சில இடங்கள் புடைத்தெழுவதைப் பதிவு செய்தார். அந்தப் புடைப்புகள் தோன்றும்போது எந்தெந்தப் புரதங்கள் உருவாகின்றன என்பதை 1974இல் ஆல்ஃபிரெட் திசியேரின் குழு கண்டறிந்தது. பின்னர் இவை ஏறத்தாழ எல்லா உயிர்களிலும் உள்ளவை என்பதும், புதிதாகப் பிறந்த புரதச் சங்கிலி சரியாக மடிவதற்குத் துணை நிற்பவை என்பதும் தெளிந்தன. இந்தக் கூட்டத்தில் ஹெச்எஸ்பி-90க்குத் தனி இடம் உண்டு. வெப்பம் இல்லாத நாளிலும் அது உயிரணுவில் ஏராளமாக இருக்கிறது. உயிரணுவின் திரவப் பகுதியான சைட்டோசாலின் மொத்தப் புரதத்தில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை அதுவே. எல்லாப் புரதங்களுக்கும் அது துணை போவதில்லை. ஏற்பிகள், கைனேஸ் நொதிகள், மரபணுக்களை இயக்கும் காரணிகள் போன்ற, ஏறத்தாழ மடிந்தும் நிலைபெறாமல் தடுமாறும் புரதங்களையே அது தாங்குகிறது. உடலின் கட்டளைச் சங்கிலியில் முக்கிய இடத்தில் அமர்ந்திருப்பவையும் இந்தத் தடுமாறும் புரதங்கள்தாம். ஒரே புரதம் தளரும்போது வேர், இலை, நிறமி என்று இத்தனை இடங்களில் விளைவு தெரிவதற்குக் காரணம் இதுவே.

அராபிடாப்சிஸில் ஹெச்எஸ்பி-90 குடும்பத்துக்கு ஏழு மரபணுக்கள் உண்டு. நான்கு சைட்டோசாலுக்கு உரியவை. மீதி மூன்றும் பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, அகப்பிளாச வலை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக உரியவை. சைட்டோசால் நான்கில் ஒன்று வெப்பத்தால் பெருமளவு தூண்டப்படுகிறது; மற்ற மூன்றும் எப்போதும் வேலை செய்கின்றன. அவை தாங்கி நிற்கும் புரதங்களைப் பாருங்கள். ஆக்ஸின் ஹார்மோனை உணரும் டிஐஆர்-1, உயிர்க் கடிகாரத்தின் உறுப்பான சைட்லூப்பே, பிராசினோஸ்டீராய்டு வழித்தடத்தின் பிஇஎஸ்-1, பாக்டீரியா தாக்கும்போது எச்சரிக்கை தரும் ஆர்பிஎம்-1 என்று பட்டியல் நீளும். வளர்ச்சி, நேரம், உயரம், நோய் எதிர்ப்பு ஆகிய நான்கும் ஒரே தாங்கு கட்டையைப் பிடித்து நிற்கின்றன. டிஐஆர்-1இன் மரபணுவில் ஒரு சிறு வேறுபாடு இருந்து, அதனால் அந்தப் புரதம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், ஹெச்எஸ்பி-90 போதுமான அளவில் இருக்கும் வரை செடியின் தோற்றத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். வெப்பம் ஏறி உயிரணுவெங்கும் புரதங்கள் குலையும்போது தாங்கு கட்டை பல இடங்களுக்கு இழுபடுகிறது. அப்போது அந்தச் சிறு வேறுபாடு பண்பாகத் தெரியவரும்.

இந்தக் கருத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. வளர்ச்சி என்பது எளிதில் தடம் பிறழாதபடி ஆழ்ந்த பாதைகளில் ஓடுகிறது என்று கான்ராட் வாடிங்டன் 1942இல் எழுதினார். பழ ஈக் கூட்டுப்புழுக்களுக்கு வெப்ப அதிர்ச்சி தந்து, சிறகின் குறுக்கு நரம்பு இல்லாமல் பிறந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது, இறுதியில் வெப்பமே இல்லாமல் அந்தப் பண்பு தோன்றியதை 1953இல் காட்டினார். ஆனால் எந்த மூலக்கூறு அந்தப் பாதையைக் காக்கிறது என்று சொல்ல அன்று வழி இல்லை. 1998இல் சுசான் ரதர்ஃபோர்டும் லிண்ட்குவிஸ்டும் பழ ஈயில் ஹெச்எஸ்பி-90 மரபணு குறைபட்டபோது கண், சிறகு, கால் ஆகியவற்றில் திரிபுகள் வெளிப்படுவதையும், அவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினால் புரதம் சீரான பின்னும் அவை நிலைப்பதையும் காட்டியபோதுதான் வாடிங்டனின் பாதைக்கு ஒரு காவலாளி கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தாவரங்களின் முறை வந்தது. ஈயில் இல்லாத ஒரு வசதி தாவரத்தில் உண்டு. அராபிடாப்சிஸ் தன்மகரந்தச் சேர்க்கையால் பெருகுவது. ஒரே மரபணுத் தொகுப்புடைய நூற்றுக்கணக்கான செடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடியும். மரபணு வேறுபாட்டால் வந்த மாற்றம் எது, வெறும் தற்செயலால் வந்த மாற்றம் எது என்று பிரிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

அந்தப் பிரிப்பில்தான் இத்துறையின் மிகச் செறிவான பகுதி இருக்கிறது. சாங்ஸ்டரும் உடன் பணியாற்றியவர்களும் 2008இல் வெளியிட்ட இரண்டு கட்டுரைகள் மறுகலப்புத் தன்னினப்பெருக்க வரிசைகளை, அதாவது இரண்டு வம்சாவளிகளைக் கலந்து பின் தன்மகரந்தச் சேர்க்கையால் நிலைப்படுத்திய செடி வரிசைகளைப் பயன்படுத்தின. ஹெச்எஸ்பி-90ஐ மட்டுப்படுத்தும்போது, அளவிடக்கூடிய பண்புகளை நிர்ணயிக்கும் குரோமோசோம் இடங்கள் மாறுகின்றன என்பது அவற்றில் வெளிப்பட்டது. சாதாரண நிலையில் விளைவு தெரியாத இடங்கள் தெரிகின்றன, தெரிந்தவை மங்குகின்றன. இத்தகைய இடங்கள் அரியவை அல்ல, பரவலானவை. ஒரே மரபணுத் தொகுப்புடைய செடிகளுக்கிடையிலும் சிதறல் கூடியது. இது மறைந்திருந்த மரபணு வேறுபாட்டால் வந்ததாக இருக்க முடியாது, ஏனென்றால் அங்கே வேறுபாடே இல்லை. வளர்ச்சியின் உறுதியே குறைந்து, தற்செயலின் கை ஓங்கியிருக்கிறது. ஆக, ஹெச்எஸ்பி-90 குறையும்போது கண்ணுக்குத் தெரியும் மாறுபாட்டில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று பிள்ளைகளுக்குப் போகும். மற்றது அந்தச் செடியோடு முடியும். முதல் வகையை மட்டுமே தேர்வு பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், இந்தப் பகுப்பைச் செய்யாத எந்த அறிக்கையும் பரிணாமத்தைப் பற்றிப் பேசத் தகுதி பெறாது.

இனி எதிர்வாதங்கள். அவற்றை அலட்சியம் செய்து கடக்க முடியாது. முதலாவது ஆவிவ் பெர்க்மனும் மார்க் சீகலும் 2003இல் முன்வைத்தது. கணினி மாதிரிகளில், பல மரபணுக்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் எந்தச் சிக்கலான வலையிலும் ஏதாவது ஒரு மரபணுவை நீக்கினால் மறைந்திருந்த வேறுபாடு வெளிவருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அப்படியானால் ஹெச்எஸ்பி-90க்குத் தனிச் சிறப்பு எதற்கு? தாங்கப்படும் புரதங்களின் எண்ணிக்கையே இதற்கு விடை என்று கருதுகிறேன். வலையில் எல்லா முடிச்சுகளும் ஒரே கனம் உடையவை அல்ல. அதோடு, சூழலின் நெருக்கடியால் நேரடியாக இழுபடும் முடிச்சு இது. நீக்கினால் விளைவு தரும் மரபணுக்கள் பல உண்டு. வெயில் ஏறினால் தானாகவே தட்டுப்பாடு ஆகும் புரதம் அவற்றில் எத்தனை?

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. ஈஸ்டில் கெர்ரி கெய்லர்-சாமரோட்டும் சீகலும் மற்றவர்களும் 2016இல் செய்த ஆய்வு, புதிதாக எழும் மரபணு மாற்றங்களையும் இயற்கையில் ஏற்கெனவே நிலைத்திருக்கும் வேறுபாடுகளையும் ஒப்பிட்டது. புதிய மாற்றங்களின் விளைவை ஹெச்எஸ்பி-90 பொதுவாக அடக்குவதில்லை. பலவற்றைக் கூட்டவும் செய்கிறது. அடக்கப்பட்ட வேறுபாடுகள் இயற்கையில் மிகுதியாகத் தெரிவதற்குக் காரணம், அடக்கப்படாதவற்றைத் தேர்வு முன்பே களைந்துவிட்டதுதான். இந்த முடிவை ஏற்றுக்கொண்டால் ‘மின்தேக்கி’ என்ற பெயரின் உள்ளர்த்தம் தலைகீழாகிறது. நெல் புடைத்த பின் முறத்தில் நின்றவற்றை மட்டும் பார்த்துவிட்டு, முறம் நெல்லை விளைவித்தது என்று சொல்ல முடியாது. மறைந்திருக்கும் மாறுபாடு தேர்வின் கண்ணுக்குத் தப்பி மிஞ்சியது. யாரும் எதற்காகவும் சேமித்ததல்ல. இந்தச் சோதனையை இதே கறார்த்தனத்துடன் தாவரங்களில் செய்வது இன்றைய அவசரத் தேவை.

மூன்றாவதாக, வெளிவருவது பழைய வேறுபாடே அல்ல, புதிதாகப் பிறந்த மாற்றம் என்று சொல்வோரும் உண்டு. பழ ஈயில் ஹெச்எஸ்பி-90 குறைந்தால் தாவும் மரபணுக்கள் விழித்தெழுகின்றன என்று 2010இல் ஓர் இத்தாலியக் குழு காட்டியது. தாவரங்களில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது அராபிடாப்சிஸின் ஓன்சென், வெப்பத்தால் கிளர்ந்தெழும் ஒரு தாவும் மரபணு. ஆனால் 2011ஆம் ஆண்டு ஆய்வில் அது புதிய இடங்களில் போய் உட்கார்ந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது, சிறு ஆர்என்ஏ காவல் முறை பழுதுபட்ட செடிகளில்தான். காவல் சரியாக உள்ள செடியில் வெப்பம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. ஆகவே 2002ஆம் ஆண்டு முடிவுகளை விளக்க ஓன்செனை அழைப்பது பொருந்தாது. வம்சாவளிக்கு ஒரு திரிபு என்று ஒழுங்காக அமைந்த அந்த முடிவுகள், கண்ட இடத்தில் தாவும் ஒன்றின் வேலை போலத் தெரியவும் இல்லை.

நெருக்கடிப் புரதங்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடும் பழக்கமும் விடப்பட வேண்டும். ஹெச்எஸ்பி-101 இன்னொரு வகை. கட்டிப்போன புரதத் திரளைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அது பழுதுபட்ட அராபிடாப்சிஸ், முன்பயிற்சியாக மிதமான வெப்பம் பெற்றிருந்தும் கடும் வெப்பத்தைத் தாங்குவதில்லை. அது பிழைப்பிக்கும் புரதம். பண்புகளின் சிதறலைத் தீர்மானிக்கும் புரதம் என்று சொல்லச் சான்று போதாது. இவ்விரண்டு வேலைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பதும் உண்மையே. வெப்பப் புரதங்களின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் காரணிகளைச் சாதாரண நாளில் கட்டிப்போட்டிருப்பது ஹெச்எஸ்பி-90தான். அது வேறு வேலைக்கு இழுபடும்போது கட்டு அவிழ்கிறது. அதனால் ஹெச்எஸ்பி-90ஐ மருந்தால் தடுத்த அராபிடாப்சிஸ் வெப்பத்தை மேலும் நன்றாகத் தாங்கியதுண்டு. மருந்து கொடுத்துச் செய்யும் ஒவ்வொரு சோதனையிலும் இந்தப் பக்கவிளைவு கலந்திருக்கிறது. எனவே மருந்தின் முடிவை மரபணு அமைதிப்படுத்தல் முறையால் சரிபார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு போன்றவற்றுக்கே நான் கூடுதல் எடை தருகிறேன்.

இது பயிருக்கு எப்படி வருகிறது? நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மணிகள் பதராகின்றன. நாகினா-22 என்ற பழைய இந்திய நெல் இதைத் தாங்குவதில் பெயர் பெற்றது. ஐஆர்-64 அந்த அளவுக்குத் தாங்காது. இத்தகைய பண்புக்கான குரோமோசோம் இடங்களைத் தேடி உலகெங்கும் பெரும் உழைப்பு செலவாகிறது. ஓர் ஊரில் ஒரு பருவத்தில் கண்டுபிடித்த குரோமோசோம் இடம் மறு பருவத்தில் மறைந்துவிடுவது இத்துறையினர் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அதைப் பெரும்பாலும் அளவைப் பிழை என்று தள்ளிவிடுகிறார்கள். அராபிடாப்சிஸ் காட்டுவது வேறு: மறைந்த இடம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் உயிரணுவின் தாங்கு திறன் போதுமானதாக இருந்திருக்கலாம். ஒரு மரபணு வடிவத்தின் மதிப்பு அதன் எழுத்து வரிசையில் மட்டும் இல்லை. அதன் புரதம் எவ்வளவு தாங்கலோடு வேலை செய்கிறது என்பதிலும் இருக்கிறது.

நெருக்கடியைக் கூட்டிப் புதிய பண்புகளை வரவழைத்துவிடலாம் என்ற ஆசையை இந்தச் சான்றுகள் ஆதரிக்கவில்லை. வெளிவருபவற்றில் பெரும்பாலானவை ஊனங்கள். சிதறலில் எவ்வளவு பிள்ளைகளுக்குப் போகிறது என்பதுகூட ஒவ்வொரு முறையும் தனியாக நிறுவப்பட வேண்டியது. இச்சான்றுகள் ஆதரிப்பது அடக்கமான, ஆனால் உடனே செய்யக்கூடிய ஒரு மாற்றத்தை. ரகச் சோதனைகளில் இன்று நாம் வெளியிடுவது பெரும்பாலும் சராசரி விளைச்சலை. ஒரே ரகத்தின் செடிகளுக்கிடையே எவ்வளவு சிதறல் இருந்தது, உரிய பருவத்திலும் வெப்பம் மிகுந்த தாமத விதைப்பிலும் அது எப்படி மாறியது என்பது அட்டவணைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அளவுகள் வயல் குறிப்பேட்டில் இருக்கும், அச்சில் வராது. சோதனைத் திட்டங்களை வகுப்போர் சராசரிக்குப் பக்கத்தில் சிதறலையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்க்க வேண்டும், வெப்பம் மிகுந்த விதைப்பைத் தனி அட்டவணையாகத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிய கருவியும் வேண்டாம், புதிய நிதியும் வேண்டாம்.