சாய்ந்து நிற்கும் சக்கரம்

போன பொங்கலுக்கு மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து சற்று உள்ளே வீடு. சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் அங்கேதான் வெட்டிக்கொள்கின்றன. இரவு பகல் தெரியாமல் லாரிகள் ஓடும்.

பேரனுக்குப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். அதன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஏர் சஸ்பென்ஷன் போட்டு, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். எதிரே போய் நின்று பார்த்தேன். முன்சக்கரம் இரண்டும் தலையை உள்ளே சாய்த்து, காலை அகட்டி நின்றன.

"என்னடா தம்பி, கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறது?"

"அதுக்குப் பேரு கேம்பர், தாத்தா. ஸ்டைலே அதுதான்."

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் நான். கேம்பர் என்றதும் 'காம்ப்ரே' என்ற பிரெஞ்சுச் சொல் நினைவுக்கு வந்தது. வளைப்பது என்று பொருள். ஆங்கிலேயர் அந்த வழியில் வந்த சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் சக்கரச் சாய்வை 'கரோசாழ்' என்கிறார்கள். 'கரோஸ்' என்றால் குதிரை பூட்டிய கோச்சு வண்டி. இந்தச் சாய்வின் வரலாறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கோச்சு வண்டியின் மரச்சக்கரம் தட்டையாக இருக்காது. குடத்திலிருந்து ஆரக்கால்கள் வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்து, சக்கரம் ஒரு தாம்பாளம் போலக் குழிந்திருக்கும். வண்டி ஆடும்போது பக்கவாட்டில் வரும் உதையைத் தாங்க அந்த அமைப்பு. சுமை ஏறும்போது கீழே வரும் ஆரக்கால் நேராக நிற்க வேண்டுமல்லவா? அதற்காக அச்சின் நுனியைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்தார்கள். அதனால் சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்தது. மோட்டார் வண்டி வந்தபோதும் இந்தப் பழக்கம் கூடவே வந்தது. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த சாலைகளுக்கும் அது பொருந்தியது. ஸ்டியரிங்கைத் திருப்பவும் இலேசாக இருந்தது.

பின்னர் டயர் மாறியது. 1946-இல் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது; 1949-இல் விற்பனைக்கு வந்தது. ரேடியல் டயர் முழு அகலமும் தரையில் பதிந்து ஓட வேண்டியது. சாய்வு மிகுந்தால் ஒரு ஓரம் மட்டும் தேயும். ஆகவே சாய்வு ஒரு டிகிரிக்கும் கீழே, ஏறக்குறைய நேராக என்று வந்துவிட்டது.

காற்றின் மேல் வண்டியை உட்கார வைக்கும் வரலாறு வேறு. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 1930-களில் அதில் இறங்கியது. 1950-களில் அங்கே நெடுந்தூரப் பேருந்துகளுக்கு அது வந்தது. பிரான்சில் சித்ரோன் 1955 அக்டோபரில் தே.எஸ். காரை வெளியிட்டது. அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும். எஞ்சினை நிறுத்திவிட்டால் கார் மெல்லத் தரையோடு அமரும். எஞ்சின் போட்டதும் எழுந்துகொள்ளும்.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 16-8-1962 அன்று. ஆறே நாள் கழித்து, 22-ஆம் தேதி, பாரிசுக்கு அருகே பெத்தி கிளமாரில் தெ கோல் சென்ற தே.எஸ். காரைச் சுட்டார்கள். டயர்கள் வெடித்தும் கார் நிற்காமல் ஓடித் தப்பியது. நாங்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள். அந்தக் காரை மந்திரக் கார் என்றே பேசிக்கொண்டோம்.

2024 ஆகஸ்டில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் விட்ட தாழ்தளப் பேருந்தும் இந்த வகைதான். நிறுத்தத்தில் வயதானவர்களுக்காகக் கொஞ்சம் சரியும். ஆள் ஏறியதும் நிமிர்ந்த பிறகே ஓடும்.

பேரனுக்கு இதைத்தான் சொன்னேன். "குனிவது நிற்கும்போது, ஓடும்போது நிமிர வேண்டும்."

"லாரியெல்லாம் ஏர் சஸ்பென்ஷன்ல இறங்கலையா, தாத்தா?" என்று மடக்கினான்.

பையன் கேட்டது நியாயம். மறுநாள் வீல் அலைன்மெண்ட் கடைக்காரர் விளக்கினார். பெரிய லாரியின் முன்னச்சு ஒரே இரும்புக் கட்டை. சாய்வு அதிலேயே அடித்து வைத்தது. லாரி உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. பேரன் வண்டியிலோ ஒவ்வொரு சக்கரத்தையும் மேல் ஒன்று, கீழ் ஒன்றாக இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. மேல்கை குட்டை. வண்டி இறங்க இறங்க அது சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கும்.

ஆனால் கடைக்குப் போகும் முன்பே நான் அளந்துவிட்டேன். முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு எண் இல்லாமல் தூக்கம் வராது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டை ஃபெண்டரிலிருந்து தொங்கவிட்டேன். டயர் கீழே பிதுங்கும் என்பதால் ரிம்மின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அளந்தேன். ரிம் 430 மி.மீ.; ஒரு டிகிரிக்கு ஏழரை மி.மீ. வித்தியாசம் வரும். வந்தது 22. ஏறக்குறைய மூன்று டிகிரி!

ஸ்டியரிங்கை ஒடித்து, டார்ச் அடித்து டயரின் உள்பக்கத்தைப் பார்த்தோம். வெளியே பூ புதிதாக இருந்தது. உள் ஓரத்தில் கம்பி தெரிந்தது. மறுநாள் அம்மாவை அந்த வண்டியில் புதுச்சேரிக்கு அழைத்துப்போவதாக இருந்தான். பையன் பேச்சே எழாமல் நின்றான். நாங்கள் பஸ்ஸில் போனோம்.

கடைக்காரர் சொன்ன வழி இது: ஏர் பெல்லோவில் காற்றடித்து, ஓடும் உயரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்த பிறகே அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். அந்த உயரத்தில் சாய்வு சரியாகாவிட்டால் மேல்கையை நீளம் மாற்றக்கூடியதாகப் போட வேண்டும். கேம்பரோடு டோவையும் திருத்த வேண்டும். டயரை அதிகம் தின்பது அதுதான். ஒரு பக்கம் காற்று கசிந்தால் எல்லாக் கணக்கும் போச்சு.

நான் என் பங்குக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை எடுத்துக் கொடுத்தேன். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

பழைய ஸ்பிரிங்கை அவன் எடைக்குப் போடாமல் பரணில் வைத்திருந்தான். இப்போது அதுதான் வண்டியில் இருக்கிறது. டயர் இரண்டும் புதிது. தூக்குக்குண்டை மட்டும் கொத்தனாரிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையாம். மாதம் ஒருமுறை அளந்து, எண்ணை எனக்கு போனில் சொல்கிறான்.