டேங்க்ல முகம் பாக்குறதுக்குப் பின்னால இருக்குற வரலாறு

குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சுன்னா எல்லாரும் அருவியைப் பாப்பாங்க. நான் அருவியோட சேத்து பைக் நிறுத்துற இடத்தையும் பாப்பேன். ஐந்தருவிப் பக்கம் வரிசையா நிக்குற வண்டிகள்ல ஒரு பழைய கருப்பு புல்லட் இருந்தா போதும், அதோட டேங்க்ல மேகம் போறது தெரியும். பக்கத்துலயே போன வருசம் வாங்கின புது வண்டி நிக்கும். அதோட டேங்க் பூரா சிலந்தி வலை மாதிரி கீறல் இருக்கும். பழசு ஏன் மின்னுது, புதுசு ஏன் மங்குதுன்னு யோசிக்க ஆரம்பிச்சா அது டெட்ராய்ட், பிரேசில்னு சுத்திட்டு தென்காசி பட்டறைக்கே வந்து நிக்குது. அந்தச் சுத்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல ஒரு விஷயம். பளபளப்புங்கிறது டப்பாவுக்குள்ள இருந்து வர்ற பொருள் இல்லை. மேல்பரப்பு எவ்வளவு சமமா இருக்கோ அவ்வளவு பளபளப்பு. பரப்பு சமமா இருந்தா வெளிச்சம் ஒரே திசையில திரும்பும், முகம் தெரியும். கீறல் விழுந்தா வெளிச்சம் சிதறும், மங்கலாத் தெரியும். செட்டிநாட்டு வீடுகள்ல முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, வழவழப்பான கல்லால தேய் தேய்னு தேச்சு கண்ணாடி மாதிரி ஆக்கினாங்களே, அதுவும் இதே கணக்குதான். மெருகுன்னா தேய்ப்பு. இதை மனசுல வச்சுக்கோங்க.

இனி வண்டிக்கு வருவோம். 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கார்களுக்கு அடிச்சது குதிரை வண்டிக்கு அடிச்ச அதே வார்னிஷ்தான். ஒரு பூச்சு, காயணும், தேய்க்கணும், மறுபடி பூச்சு. ஒரு கார் பெயிண்ட் முடிச்சு வெளிய வர வாரக்கணக்குல ஆகும். சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேற வழி இருந்துச்சு. ஆளி விதை எண்ணெயும் நிலக்கீலும் கலந்த கருப்புப் பூச்சைப் பூசி, அடுப்புல வச்சுச் சுட்டு எடுக்குறது. அதுக்கு 'ஜப்பான் பிளாக்'னு பேரு. ஜப்பான்காரங்க மரச்சாமான்ல போட்ட அரக்கு வேலையைப் பாத்து ஐரோப்பாக்காரங்க காப்பியடிச்சதால வந்த பேரு அது. ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரை 1914-லிருந்து 1925 வரைக்கும் கருப்புல மட்டும்தான் வித்துச்சு. அதுலயும் இந்த ஜாதிக் கருப்புதான்.

1923-ல கதை திரும்புது. ட்யூபான்ட் கம்பெனி முதல் உலகப் போர்ல வெடிமருந்து செஞ்சு கொட்டின கம்பெனி. வெடிபஞ்சுக்குப் பங்காளி முறையான நைட்ரோசெல்லுலோஸ்ல இருந்து ஒரு பெயிண்ட் கண்டுபிடிச்சாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஓக்லண்ட் கார்ல நீல நிறத்துல அடிச்சு இறக்குச்சு. வாரக்கணக்குல காஞ்சது மணிக்கணக்குல காய ஆரம்பிச்சது, கலர் கலரா வண்டி வந்தது. அந்தப் பெயிண்டோட பேரு டூகோ.

பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? பட்டறையில "டூகோ அடிக்கணுமா, சாதா எனாமல் போதுமா?"ன்னு கேப்பாங்களே, அதே டூகோதான். 1923-ல ஒரு அமெரிக்கக் கம்பெனி வச்ச பேரு, பெட்ரோமாக்ஸ் மாதிரி நம்ம ஊர்ல பொதுப்பேராவே ஆயிடுச்சு.

டூகோ சீக்கிரம் காஞ்சாலும் துப்பாக்கியில இருந்து விழுந்த உடனே முழுசா மின்னாது. தேய்க்கணும். உலர்ந்த உப்புத்தாள் வச்சுத் தேச்சா தூசி பறக்கும். அந்தக் காலத்துப் பெயிண்ட்ல காரீயம் உண்டு. தேச்சவங்க அதைத்தான் மூச்சா இழுத்தாங்க. 1921-ல ஃப்ரான்சிஸ் ஓக்கிங்கிறவரு கண்டுபிடிச்ச, தண்ணியில நனைச்சுத் தேய்க்குற காகிதத்தை 3எம் கம்பெனி விக்க ஆரம்பிச்சது. நாம 'வாட்டர் பேப்பர்'னு சொல்றோமே, அதேதான். தண்ணியில தேச்சா தூசி பறக்காம சேறா வழிஞ்சிரும், பரப்பும் இன்னும் நைசா வரும். அதே கம்பெனியில ரிச்சர்ட் ட்ரூ, 1925-ல ரெண்டு கலர் கார் அடிக்கிறவங்க படுற பாட்டைப் பாத்து மாஸ்கிங் டேப்பைக் கொண்டு வந்தார். தென்காசியில எந்தப் பெயிண்ட் பட்டறைக்குப் போனாலும் இந்த ரெண்டும் கண்ணுல படும். ரெண்டுக்கும் நூறு வயசாச்சு.

இனி நம்ம புல்லட். இங்கிலாந்துல ரெடிட்ச் ஊர்ல ராயல் என்ஃபீல்டு சைக்கிள் செஞ்சுட்டு இருந்துச்சு. 1901-ல மோட்டார் சைக்கிள். 1932-ல புல்லட்ங்கிற பேரு. நம்ம ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட, 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேந்து என்ஃபீல்டு இந்தியா உருவாச்சு, திருவொற்றியூர்ல ஆலை வந்தது. அங்க ரெடிட்ச் ஆலை 1967-ல மூடினாங்க. 1977-ல மெட்ராஸ்ல செஞ்ச புல்லட்டே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆச்சு. வாத்தியார் பள்ளிக்கூடத்தை மூடினப்புறம் மாணவன் அவருக்கே பாடம் சொன்ன கதை! குதிரை வண்டிக் காலத்துல இருந்து வந்த ஒரு வேலையையும் மெட்ராஸ்காரங்க விடாம வச்சிருந்தாங்க. அது டேங்க் மேல தங்கக் கலர்ல ஓடுற கோடு. ஒட்டுற ஸ்டிக்கர் இல்ல அது. மென்மயிர்த் தூரிகையால, ஸ்கேல் இல்லாம, ஒரே மூச்சுல கையால இழுக்குறது.

சரி, இதுல தென்காசி எங்க வருதுங்கிறீங்களா? சாரல்ல வருது. ஆரியங்காவு கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து உள்ள புகுந்து ஆனி, ஆடியில தென்காசியையும் செங்கோட்டையையும் நனைக்குது. கிழக்க கொஞ்சம் தள்ளி சங்கரன்கோவில் போனா வெயில் காயும். டூகோவுல கலக்குற தின்னர் வேகமா ஆவியாகும்போது இரும்புத் தகடு சில்லுனு ஆயிடும். காத்துல ஈரம் இருந்தா அது பெயிண்ட் மேல பனித்துளியாப் படியும். பெயிண்ட் வெளுத்து, மேகம் போட்ட மாதிரி ஆயிடும். எனக்கு இதை முதல்ல சொன்னது புத்தகம் இல்ல, ஒரு பெயிண்டர்தான்.

"அண்ணாச்சி, இந்த மாசம் வண்டிய விட்டா என்னைக்குக் கிடைக்கும்?"

"சாரல் வெறிக்கட்டும் தம்பி. இப்ப அடிச்சா சாம்பல் பூத்தாப்ல வெளுத்துரும். பொறவு என்னைய ஏசப்பிடாது."

மெதுவா ஆவியாகுற தின்னர் கலந்து சமாளிக்கலாம்தான். ஆனா நல்ல பெயிண்டர் காத்திருக்கத்தான் சொல்லுவார். ஊர் சந்தோசமா நனையுற சீசன் அவருக்கு வேலையில்லாத சீசன்.

அடிச்சு, தேச்சு முடிச்சப்புறம் மெழுகு. உசத்தி மெழுகுன்னு பேர் வாங்கினது கார்னோபா. வடகிழக்கு பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகையோட ஓலையில இருந்து வருது. வறண்ட பூமியில தண்ணி ஆவியாகாம இருக்க அந்த மரம் ஓலை மேல மெழுகு பூசிக்குது. ஓலையை வெட்டிக் காயவச்சு அடிச்சா மெழுகு உதிரும். 80 டிகிரி தாண்டினாத்தான் உருகும், அதனால நம்ம வெயிலையும் தாங்கும். இந்தப் பனையைத் தேடி 1935-ல ஜான்சன் மெழுகுக் கம்பெனி முதலாளி அமெரிக்காவுல இருந்து பிரேசிலுக்குத் தன் சொந்த விமானத்துலயே போனார். பனங்காட்டுக்காரங்க நமக்கு இந்தக் கதை பிடிக்காம இருக்குமா?

இப்ப புது வண்டிக்கு வருவோம். இப்பல்லாம் அடியில கலர், மேல நிறமில்லாத 'கிளியர்' பூச்சு. நாம பாக்குற ஆழம் அந்தக் கண்ணாடிப் பூச்சுக்குள்ள வெளிச்சம் போய்த் திரும்புறதுதான். அதோட கனம் சுமாரா 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெலிசு. உலர்ந்த பனியன் வேஸ்ட்டால தூசியோட தொடைச்சா அந்தத் தூசியே உப்புத்தாளாயிடும். சிலந்தி வலை வந்த வழி இதுதான். அதை எடுக்கணும்னு காம்பவுண்ட் போட்டு மாசா மாசம் தேச்சா ஒருநாள் கிளியரே தீந்துபோகும். முதல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, அப்புறம் துணி. கையால இழுத்த கோடு இருக்குற பழைய டேங்க்னா காம்பவுண்டை அந்தக் கோட்டுக்குக் கிட்டயே கொண்டு போகாதீங்க. அழிஞ்சா அழிஞ்சதுதான்.

ஆனா நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேற. இந்த கிளியர் பூச்சு பெரும்பாலும் பியூ. 1937-ல ஜெர்மனியில ஆட்டோ பேயர் கண்டுபிடிச்ச பாலியூரித்தேன் வழி வந்தது. பட்டறையில அதுல ஹார்ட்னர் கலப்பாங்க. அந்த ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. துப்பாக்கியில இருந்து வர்ற கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனியைச் சுவாசிச்சா ஆஸ்துமா வரும். ஒரு தடவை உடம்பு ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே இளைக்கும். அதோட அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான். வெளிய இருந்து சுத்தமான காத்து குழாய்ல வர்ற முகமூடி போட்டுத்தான் அடிக்கணும். "மூக்குல துண்டு கட்டிக்கிடுவேன்லா"ன்னு அதே அண்ணாச்சி சொன்னார். துண்டு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

இந்தக் கதையைத் திரும்பப் பாத்தா ஒரு விஷயம் புரியுது. பளபளப்பு ஒவ்வொரு காலத்துலயும் யாரோ ஒருத்தர் மூச்சைக் கேட்டிருக்கு. காரீயத் தூசிக்கு நூறு வருசம் முன்னாடியே ஒரு காகிதத் துண்டு விடை சொல்லிச்சு. ஐசோசயனேட்டுக்கும் விடை இருக்கு, ஆனா அதுக்கு விலை ஜாஸ்தி. நாம 500 ரூபா குறைக்கச் சொல்லி பேரம் பேசுறப்போ முதல்ல அடிபடுறது அந்த முகமூடிதான்.

அடுத்த தடவை டேங்க் அடிக்கக் கொடுக்கும்போது எந்தக் கம்பெனி பெயிண்ட்னு கேக்குறதோட, "காத்து முகமூடி இருக்கா அண்ணாச்சி?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. இருக்குற பட்டறைக்கு நூறோ இருநூறோ கூடக் கொடுங்க. சாரல் நிக்குற வரைக்கும் காத்திருங்க. நல்ல வேலைக்கு இந்த ரெண்டும் வேணும் மக்கா.