தேங்காய் மூடியும் கனெக்டிங் ராடும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஃபோர்ஜிங் கம்பெனி ஒன்றில் வேலை. "மின்சாரக் கார் வந்துட்டா எங்க பிழைப்பு என்ன சார்?" என்றான். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்டாசு ஊரில் இரும்புக் கதையா என்று சிரிக்காதீர்கள்.

1974-ல் சிங்கம்புணரியில் எம்.எம். ஃபோர்ஜிங்ஸ் ஆலை தொடங்கியது. அப்போது சிங்கம்புணரி, விருதுநகர், சிவகாசி எல்லாமே இராமநாதபுரம் மாவட்டம்தான். (கலெக்டர் ஆபீஸ் மட்டும் மதுரையில்! 1985-ல்தான் மாவட்டம் பிரிந்தது.)

பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து அடிப்பதே ஃபோர்ஜிங். திருப்பாச்சேத்தி அரிவாளும் அடித்துத்தான் உறுதியாகிறது. அந்த உறுதியை யாரும் சந்தேகப்படவில்லை. செலவுதான் தொல்லை. அடித்த பிறகு மறுபடி காய்ச்சி, எண்ணெயில் முக்கி, திரும்பவும் சூடேற்றி, பிறகு கடைந்து எடுக்க வேண்டும். 1970-களில் ஜெர்மனிக்காரர்கள் எஃகில் துளி வனேடியம் சேர்த்தார்கள். அடித்த சூட்டிலேயே காற்றில் ஆறவிட்டால் போதும், எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்றானது.

அடுத்த போட்டி இரும்புப் பொடியிலிருந்து வந்தது. பொடியை அச்சில் அழுத்தி, சுட்டு, ஒரே அடியில் கனெக்டிங் ராட் செய்துவிடலாம், சேதாரம் குறைவு. 1980-களில் ஃபோர்டு அதற்கு மாறியது. அதில் இன்னொரு லாபமும் உண்டு. கனெக்டிங் ராடின் பெரிய வளையம் கிராங்க் ஷாஃப்டைக் கவ்வ வேண்டும், அதனால் இரண்டு துண்டாக இருக்கும். முன்பு அறுத்து, இரு முகத்தையும் இழைத்துப் பொருத்துவார்கள். பொடியில் செய்ததையோ கீறிவிட்டு ஒரே இழுப்பில் உடைக்கலாம். உடைத்த தேங்காயின் ஒரு மூடி தன் மறுமூடியோடுதானே சரியாகச் சேரும்? அதே கணக்கு. இழைக்கும் வேலையே மிச்சம்.

அடித்த எஃகு அப்படி உடையாது. இழுபட்டு வளையம் கோணிவிடும். அதற்காகவே சுமார் 0.7 சதவீதம் கார்பன் உள்ள சி-70 எஃகைக் கொண்டுவந்தார்கள். அடித்து ஆறவைத்தால் அதுவும் தேங்காய் மாதிரி உடையும். ஃபோர்ஜிங் இழந்த இடத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. உறுதியைக் கூட்டி அல்ல, சம்மட்டிக்குப் பிந்தைய வேலையைக் குறைத்து.

மின்சாரக் காரில் கனெக்டிங் ராடே கிடையாது, அவன் பயம் நியாயம்தான். ஆனால் கியர், ஆக்சில், வீல் ஹப் எல்லாம் இருக்கும். இனி அலுமினியத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள், நான் எங்காவது தவறியிருந்தால் கீழே திருத்துங்கள்.