எபேசு: குகைத் தோழர்களின் பெயரைத் தாங்கிய மலைச்சரிவு

துருக்கியின் மேற்குக் கரையில் குஷாதாசி என்றொரு துறைமுகம் உண்டு. ஏஜியன் கடலில் உலவும் உல்லாசக் கப்பல்கள் காலையில் அங்கே கரைசேர்ந்து, மாலையில் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட நேரத்தில் பயணிகளைப் பேருந்துகளில் ஏற்றி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபேசு நகர இடிபாடுகளுக்கு அழைத்துச் செல்வார்கள். முதலில் மலைமேல் உள்ள "மர்யம் அன்னையின் இல்லம்", அடுத்து இடிபாடுகளுக்கு நடுவே இரண்டு மணி நேர நடை, இறுதியாக ஒரு கம்பளக் கடை. வழிகாட்டியுடன் செல்லும் கரைச் சுற்றுலாவின் வழக்கமான ஒழுங்கு இதுதான். கம்பளக் கடைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் இடிபாடுகளுக்கு அருகே மலைச்சரிவில் இருக்கும் ஒரு குகைக்கும், அருகிலேயே நிற்கும் 14ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசலுக்கும் பெரும்பாலான சுற்றுலாக்களில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

அந்தக் குகைக்குத் துருக்கியர் வழங்கும் பெயர் "யெதி உயுயான்லர்", அதாவது ஏழு உறங்குவோர். வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் குகைத் தோழர்கள் உறங்கிய இடம் இதுவே என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் இதுதானா என்ற வினா நம்மில் எவருக்கும் எழும். அதற்கு விடை தேடுமுன் அந்த நகரம் எத்தகையது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

எபேசு ஒரு துறைமுக நகரம். ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்துக்குத் தலைநகராக இருந்தது. இன்று அங்கே நிற்பவருக்குக் கடல் கண்ணில் படாது. நகரை ஒட்டி ஓடும் கூச்சுக் மெந்தெரெஸ் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைச் சிறிது சிறிதாக மூடி, கரையைப் பல கிலோமீட்டர் மேற்கே தள்ளிவிட்டது. துறைமுகத்தை நோக்கிச் செல்லும் பளிங்குச் சாலை அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடி, நாணற்புதர்களில் போய் முடிகிறது. பேரரசன் ஆர்க்கேடியஸின் பெயர் தாங்கிய அச்சாலையில் ஒரு காலத்தில் இரவெல்லாம் விளக்குகள் எரிந்தன. பகைவர் படையெடுப்பும் நிலநடுக்கமும் அந்நகருக்குத் தீங்கு செய்தன என்பது உண்மையே. ஆயினும் கப்பல் வர இயலாமற்போனதுதான் அதன் மூச்சை நிறுத்தியது. நம் தமிழகக் கடற்கரையில் காயல்பட்டினத்துக்கு அருகிலுள்ள பழைய காயலும் தாமிரபரணி ஆற்றின் வண்டலால் கடலை இழந்த துறைமுகமே. ஆகவே இந்தக் கதை நமக்குப் புதிதன்று.

மேல்வாயிலில் இறங்கிச் சரிவில் நடந்து வந்தால், எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் செல்சஸ் நூலகம் வரும். 2ஆம் நூற்றாண்டில் ஒரு மகன் தன் தந்தையின் கல்லறைக்கு மேல் எழுப்பிய கட்டடம் அது. இன்று நாம் காணும் முகப்பு, விழுந்து கிடந்த கற்களை 1970களில் ஆய்வாளர்கள் மீண்டும் அடுக்கி நிறுத்தியது. அதற்கப்பால் ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கு இருக்கிறது. ஆர்ட்டெமிஸ் தேவதையின் கோயில் உருவத்தை வெள்ளியில் செய்து விற்ற தட்டார்கள், ஓரிறைக் கொள்கையைப் பேசுவோரால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று அஞ்சிக் கலகம் செய்து கூடிய இடம் இந்த அரங்குதான் எனக் கிறித்தவ வேதம் கூறுகிறது. சிலை வணிகம் செழித்த மக்காவில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எழுந்த எதிர்ப்பிலும் இத்தகைய அச்சம் கலந்திருந்ததை நாம் அறிவோம்.

அந்த ஆர்ட்டெமிஸ் கோயில் பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்று. 1869ஆம் ஆண்டு ஜான் டர்டில் வுட் என்ற ஆங்கிலேயர் அதன் அடித்தளத்தைக் கண்டெடுத்தார். கிடைத்த சிற்பங்கள் லண்டனுக்குப் போயின. இன்று சதுப்பு நிலத்தில் ஒற்றைத் தூண் நிற்கிறது. அதுவும் உடைந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிறுத்தியதே. அதன் உச்சியில் நாரைகள் கூடு கட்டுகின்றன.

ஒரு பெண் தெய்வத்தின் பெயரால் வாழ்ந்த இந்நகரில்தான், 431ஆம் ஆண்டு, மர்யம் (அலை) அவர்களை எவ்வாறு அழைப்பது என்பதைத் தீர்மானிக்கக் கிறித்தவ ஆயர்கள் கூடினார்கள். அழைத்தவர் பேரரசன் இரண்டாம் தியோடோசியஸ். கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமை ஆயர் நெஸ்டோரியஸ், "இறைவனைப் பெற்றவள்" என்ற பட்டத்துக்கு மாறாக "கிறிஸ்துவைப் பெற்றவள்" என்பதே தகும் என்றார். அவர் தோற்றார், பதவியையும் இழந்தார். இதைப் படிக்கும் நம்மவர் சிலர் நெஸ்டோரியஸை நம் பக்கத்து ஆளாகவே கருதிவிடுவதுண்டு. அது சரியன்று. ஈசா (அலை) அவர்களின் இறைத்தன்மையை அவரும் மறுக்கவில்லை. மர்யம் (அலை) உண்மையே உருவானவர், அவரும் அவருடைய மகனும் உணவு உண்டு வாழ்ந்தவர்கள் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 75ஆவது வசனம் சொல்லும் எளிய உண்மைக்கும், அந்த மன்றத்தில் நடந்த இரு தரப்பு வாதத்துக்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. மன்றம் கூடிய மர்யம் தேவாலயத்தின் சிதைவுகள் கீழ்வாயிலுக்கு அருகிலேயே கிடக்கின்றன. சற்று விலகி நடக்க வேண்டும் என்பதால் சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் அங்கே திரும்புவதில்லை. நம் கருத்தில் அந்நகரின் வரலாற்றுக்கு நூலகத்தைவிட இச்சிதைவே முக்கியமானது.

மலைமேலுள்ள "மர்யம் அன்னையின் இல்லம்" வேறு வகைக் கதை. ஜெர்மனியில் நோய்ப்படுக்கையில் கிடந்து 1824இல் இறந்த ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற துறவி, தாம் அகக்காட்சியில் கண்டவற்றைச் சொல்ல, ஒரு கவிஞர் எழுதிவைத்தார். எபேசை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த நூலைப் படித்த பாதிரியார்கள் 1891இல் இஸ்மிரிலிருந்து வந்து தேடி, ஒரு பாழடைந்த கட்டடத்தைக் கண்டுபிடித்தனர். அதன் மெய்ம்மை குறித்துக் கத்தோலிக்கத் திருச்சபை இதுவரை அதிகாரபூர்வமான தீர்ப்பு எதையும் வழங்கவில்லை. ஆயினும் 1967, 1979, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று போப்பாண்டவர்கள் அங்கே வந்து வழிபட்டிருக்கிறார்கள். மர்யம் (அலை) அவர்களின் அடக்கத்தலம் ஜெருசலேமில் இருப்பதாகக் கூறும் பழைய மரபும் கிறித்தவர்களிடையே உண்டு. துருக்கிய முஸ்லிம்களும் திரளாக வருகிறார்கள். உள்ளே திருக்குர்ஆன் வசனங்களும் இடம்பெற்றுள்ளன. வெளியே ஒரு சுவர் முழுவதும் துணிகளும் காகிதங்களும் கட்டப்பட்டிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு வேண்டுதல். மர்யம் (அலை) அவர்களை நாம் நேசிப்பது வேறு, சுவரில் துணி கட்டி வேண்டுவது வேறு. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அச்சுவருக்கு முன் நின்று அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு விடையை ஆயத்தமாக வைத்திருப்பது நலம்.

இனி குகைக்கு வருவோம். கிறித்தவ மரபின்படி, பேரரசன் டெசியஸ் (249–251) சிலைகளுக்குப் பலியிட வற்புறுத்தியபோது எபேசின் இளைஞர்கள் சிலர் மறுத்து ஒரு குகையில் ஒளிந்தனர், உறங்கினர், இரண்டாம் தியோடோசியஸின் காலத்தில் (408–450) விழித்தெழுந்தனர். மர்யம் (அலை) அவர்களுக்குப் பட்டம் சூட்ட மன்றம் கூட்டிய அதே அரசன் இவன். இக்கதை சிரியாக் மொழியில், 521இல் மறைந்த யாக்கோபு என்னும் ஆயரின் செய்யுளில் காணப்படுகிறது. 1927–28இல் ஆஸ்திரிய அகழ்வாய்வாளர்கள் பனயிர் மலையின் கிழக்குச் சரிவில் தோண்டியபோது, ஒரு தேவாலயமும் அதைச் சூழ்ந்து 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான கல்லறைகளும் வெளிப்பட்டன. ஏராளமான சுடுமண் விளக்குகளும், உறங்குவோரை அழைக்கும் எழுத்துக்களும் கிடைத்தன. அந்தத் தூயோருக்கு அருகில் அடக்கம் செய்யப்படவேண்டும் என்று மக்கள் தலைமுறை தலைமுறையாக விரும்பியிருக்கிறார்கள் என்பதை இவை காட்டுகின்றன. அவர்கள் உறங்கிய இடம் இதுவே என்று இவற்றைக்கொண்டு நிறுவ இயலாது.

கணக்கும் பொருந்தவில்லை. டெசியஸிலிருந்து தியோடோசியஸ் வரை 200 ஆண்டுகள்கூட நிறைவடைவதில்லை. திருக்குர்ஆன் 300 ஆண்டுகளையும் அதற்கு மேல் ஒன்பதையும் குறிப்பிட்டு, அடுத்த வசனத்திலேயே அவர்கள் தங்கிய காலத்தை அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்கிறது. இது அல்லாஹ் அறிவித்த காலம் என்று பெரும்பாலான விரிவுரையாளர்களும், மக்கள் கூறிய கூற்று என்று சிலரும் பொருள் கொண்டுள்ளனர். முந்தையதை ஏற்றால் எபேசு மரபின் அரசர் பட்டியல் நழுவிவிடுகிறது. இதுவன்றி, துருக்கியிலேயே தர்சூஸ், அஃப்ஷின் ஆகிய ஊர்களும், ஜோர்தானில் அம்மானுக்கு அருகிலுள்ள ரஜீபும் இதே குகை தம்மிடம் இருப்பதாக உரிமை கோருகின்றன. எல்லா இடங்களிலும் வழிகாட்டிகள் உறுதியாகவே பேசுகிறார்கள்.

இளைஞர்கள் எத்தனை பேர் என்ற சச்சரவைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் விதத்தைக் கவனியுங்கள். மூவர் என்றும் ஐவர் என்றும் எழுவர் என்றும் மக்கள் சொன்னவற்றையெல்லாம் நாயின் எண்ணிக்கையோடு சேர்த்துக் கூறிவிட்டு, இதைப்பற்றி மேலோட்டமாகவன்றி வாதிட வேண்டாம், அவர்களில் எவரிடமும் விளக்கம் கேட்கவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்களுக்கே கட்டளையிடுகிறது. இளைஞர்களின் பெயர்களை அது சொல்லவில்லை. ஊரின் பெயரையும் சொல்லவில்லை. நாயின் பெயரும் இல்லை. கித்மீர் முதலிய பெயர்கள் பிற்கால அறிவிப்புகளில் வந்தவை. உதுமானிய எழுத்துக்கலைஞர்கள் அப்பெயர்களைக் கொண்டே பாய்மரக் கப்பல் வடிவில் அழகிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகு அழகுதான், ஆதாரம் வேறு.

விரிவுரையாளர் இப்னு கஸீர் (ரஹ்) இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். சூரியன் குகையை விட்டு வலமும் இடமுமாக விலகிச் சென்ற வசனத்திலிருந்து, குகையின் வாயில் வடக்கு நோக்கி இருந்திருக்க வேண்டும் என்று அவர் கணிக்கிறார். அந்த அளவுக்கு நுணுகிப் பார்த்தவர், அது எந்த நாட்டில் உள்ளது என்பதை அல்லாஹ் நமக்கு அறிவிக்கவில்லை, அறிவதில் நமக்குப் பயனும் இல்லை என்று முடித்துவிடுகிறார். "அவர்கள் மீது ஒரு வணக்கத்தலம் கட்டுவோம்" என்ற கருத்தில், அதிகாரம் பெற்றோர் கூறியதாக 21ஆவது வசனத்தில் வரும் செய்தியை விளக்கும்போதும், இது புகழத்தக்க செயலா என்று அவர் ஐயம் எழுப்புகிறார். நபிமார்களின் அடக்கத்தலங்களை வணக்கத்தலங்களாக்கியோரை நபி (ஸல்) தம் இறுதி நோயின்போது சபித்த ஹதீஸ் அவர் நினைவில் இருந்தது. பனயிர் மலைச்சரிவில் கல்லறைகளுக்கு நடுவே நிற்கும் தேவாலயச் சுவர்களைப் பார்ப்பவருக்கு அந்த வசனம் வெறும் சொல்லாக இராது. குகை எதுவாயினும், மனிதர் இப்படித்தான் செய்தார்கள் என்பது கண்முன் நிற்கிறது. கம்பிவேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அருகில் பெண்கள் சூடான தட்டில் கொஸ்லெமே என்னும் மெல்லிய ரொட்டி சுட்டு விற்கிறார்கள்.

இப்னு கஸீர் 1373இல் திமிஷ்கில் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், ஹிஜ்ரி 776இல் (1375), அதே திமிஷ்கைச் சேர்ந்த அலீ என்ற கட்டடக் கலைஞர் எபேசுக்கு அருகில் ஒரு பள்ளிவாசலைக் கட்டி முடித்தார். அதைக் கட்டுவித்தவர் அய்தின் குலத்துச் சிற்றரசர் ஈசா பே. அதன் திறந்த முற்றமும் அகன்ற தொழுகைக் கூடமும் திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலை நினைவூட்டுவன.

அன்று அவ்வூருக்குப் பெயர் அயாசுலுக். இன்று செல்ச்சுக். அப்பள்ளி எழுவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் இப்னு பதூதா அங்கே வந்தார். பின்னாளில் இலங்கைக்கும் மதுரைக்கும் வந்தாரே, அவரேதான். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் கட்டிய புனித யோவான் தேவாலயம் அப்போது ஜும்ஆ பள்ளியாக மாறியிருந்தது. அதன் பளிங்கை அவர் வியந்து எழுதுகிறார். அவ்வூர் ஆட்சியாளர் கிள்ர் பேக்குக் குதிரையிலிருந்து இறங்காமல் ஸலாம் சொன்னதால் அவர் மனம் கோணி, கொடை குறைந்துபோனதையும் ஒளிக்காமல் பதிவுசெய்கிறார். அதே ஊரில் 40 தீனார் கொடுத்து ஒரு கிரேக்க அடிமைப் பெண்ணை வாங்கியதையும் அதே தொனியில் எழுதுகிறார். அப்பெண்ணின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. நம் முன்னோரின் பயண நூல்களைப் பெருமையோடு எடுத்துக்காட்டும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது.

ஈசா பே பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டில் வணிகர் தங்கும் சத்திரமாகவும் பயன்பட்டது. இன்று மீண்டும் அதில் தொழுகை நடக்கிறது. உள்ளே குவிமாடங்களைத் தாங்கும் பெரிய கருங்கல் தூண்கள் எபேசின் இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பகலில் சற்று முன்பு பார்த்துவிட்டு வந்த அதே நகரத்தின் தூண்களுக்கு இடையே லுஹர் தொழலாம். துருக்கியர் ஹனஃபி வழியினர் ஆயினும் அங்கே அஸருக்கான பாங்கு ஷாஃபிஈ கணக்கை ஒட்டியே ஒலிக்கும். அதற்காகக் காத்திருந்தால் கப்பலைத் தவறவிட நேரலாம்.

பள்ளியின் வாயிலில் நின்றால் கீழே ஆர்ட்டெமிஸின் ஒற்றைத் தூண் தெரியும். பின்னால் குன்றின்மேல் யோவான் தேவாலயமும் கோட்டையும். மூன்றும் நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளன. சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன்பே, கம்பளக் கடையை விட்டுவிட்டு இங்கே ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டுவிடுங்கள். இயலாது என்றால் குஷாதாசியிலிருந்து செல்ச்சுக் நகருக்குச் சிற்றுந்துகள் நாள்தோறும் ஓடுகின்றன.