கண்டெடுத்தவரும் பெயரிட்டவரும்: கடல் ஊர்வன பற்றிய ஆய்வின் தொடக்கக் காலம்

தமிழில் நாம் 'புதைபடிவம்' என்கிறோம். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபாசில்' என்னும் சொல்லோ, 'தோண்டி எடுக்கப்பட்டது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒரே பொருளை ஒரு மொழி புதைந்த நிலையை வைத்தும், மற்றொரு மொழி தோண்டிய செயலை வைத்தும் குறிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அந்த ஐரோப்பியச் சொல் மண்ணிலிருந்து எடுக்கப்படும் எதனையும் குறித்தது. மணியும் தாதும் படிகமும் அதனுள் அடங்கின. பழைய உயிரின் எச்சம் என்ற பொருள் மட்டும் நிலைபெற்றது பின்னரே. இவ்வுரையில் நாம் தோண்டிய கையைப் பற்றியே மிகுதியும் பேச விரும்புகிறோம். பண்டைக் கடல்களில் வாழ்ந்து மறைந்த ஊர்வனவற்றை உலகம் அறிந்த வரலாற்றில் கண்டெடுத்தவர் ஒருவராகவும் பெயரிட்டவர் வேறொருவராகவும் இருந்தனர். பெயரிட்டவரே நெடுங்காலம் நினைவில் நின்றார்.

மொழியியலாருக்கு இவ்வரலாற்றின் வாயிலிலேயே ஓர் உறவினர் நிற்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் லூயிட், 1699இல் பிரிட்டனின் புதைபடிவங்களைப் படங்களுடன் பட்டியலிட்டு ஒரு நூல் வெளியிட்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1707இல், வெல்சு, கார்ன்வால், பிரெத்தான், ஐரிஷ் மொழிகளின் சொற்களை அருகருகே வைத்து அவற்றின் உறவை ஆராய்ந்த பெருநூலையும் அவரே எழுதினார். எலும்பை ஒப்பிட்ட கண்ணே சொல்லையும் ஒப்பிட்டது. ஆயினும் அவர் படம் வரைந்து காட்டிய வட்டமான முள்ளெலும்புகள் சிலவற்றை மீனுடையவை என்றே கொண்டார். அவை கடல் ஊர்வன ஒன்றின் எலும்புகள் என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே தெளிவாயிற்று. முழு எலும்புக்கூட்டைக் காணாதவரை அவரைக் குறைகூற இடமில்லை.

அம்முழு எலும்புக்கூடு கிடைத்த இடம் இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்திலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூர். அங்குள்ள கடலோரப் பாறைச் சரிவுகள் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கப்பட்டவை; ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. குளிர்காலப் புயலில் சரிவுகள் இடிந்து விழும்போது புதைபடிவங்கள் வெளிப்படும். அடுத்த அலைகள் அடித்துச் செல்வதற்குள் அவற்றை எடுத்தாக வேண்டும். ஆகவே அத்தொழிலுக்குரிய காலம் ஆண்டின் மிகக் கொடிய காலமாகவே அமைந்தது.

கற்றறிந்தவர் வருவதற்கு முன்பே அவ்வூராரிடம் இப்பொருள்களுக்குப் பெயர்கள் இருந்தன. சுருண்ட சங்கு போன்ற அம்மோனைட்டை அவர்கள் பாம்புக்கல் என்றனர். கூர்மையான பெலம்னைட்டைப் பேய்விரல் என்றனர். முள்ளெலும்பைக் குறிக்கும் 'வெர்டிப்ரா' என்னும் இலத்தீன் சொல் அவர்கள் நாவில் 'வெர்டிபெர்ரி' ஆயிற்று; ஏதோ ஒரு பழத்தின் பெயர்போல ஒலிக்கிறது. அறியாச் சொல்லை அறிந்த சொல்லின் சாயலுக்கு இழுத்துக்கொள்வது எல்லா மொழிகளிலும் நிகழ்வதே. பெரிய எலும்புகளை எல்லாம் அவர்கள் முதலை என்றே அழைத்தனர்.

இவ்வூரில் ரிச்சர்ட் ஆனிங் என்னும் தச்சர், கடற்கரையில் பொறுக்கிய அருங்கற்களை விருந்தினருக்கு விற்றுச் சிறு வருமானம் ஈட்டினார். 1810இல் அவர் கடன் வைத்துவிட்டு இறந்தார். அவர் மகன் ஜோசப் 1811இல் ஏறத்தாழ நான்கு அடி நீளமுள்ள ஒரு மண்டையோட்டைக் கண்டார். 1799இல் பிறந்த தங்கை மேரி, மறு ஆண்டில் அதன் உடற்பகுதியைக் கண்டறிந்தார். குடும்பம் அதனை அவ்வூர் நிலக்கிழாருக்கு ஏறத்தாழ 23 பவுண்டுக்கு விற்றது. லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபின், 1819இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதனை 45 பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. இன்று அங்கிருந்து எஞ்சியிருப்பது மண்டையோடு மட்டுமே.

அதனை என்னவென்று அழைப்பது என்பதில் அறிஞர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோம் 1814 முதல் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். முதலில் மீனோடு உறவுடையது என்றார். பின்னர்க் கருத்தை மாற்றினார். 1819இல் புரோட்டியஸ் என்னும் குகைவாழ் நீர்ப்பிராணிக்கும் பல்லிக்கும் இடைப்பட்டது என முடிவுசெய்து 'புரோட்டியோசாரஸ்' என்று பெயர் சூட்டினார். அதற்குச் சற்று முன்பே அருங்காட்சியகத்தின் சார்லஸ் கோனிக் வழங்கிய 'இக்தியோசாரஸ்' என்னும் பெயரே நிலைத்தது. கிரேக்கத்தில் 'இக்துஸ்' மீன், 'சௌரொஸ்' பல்லி. மீன்பல்லி என நாம் மொழிபெயர்க்கலாம். அது மீனும் அன்று, பல்லியும் அன்று என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். பெயர் மட்டும் மாறவில்லை. மாற வேண்டியதும் இல்லை என்பதே எமது கருத்து. பெயர் ஒரு பொருளைச் சுட்டினால் போதும். அதன் இலக்கணத்தை முழுதும் சுமக்க வேண்டியதில்லை. (மாணவர்கள் இவற்றை டைனோசர் என்று எழுதும்போது ஆசிரியர்கள் திருத்த வேண்டும். 1842இல் ரிச்சர்ட் ஓவன் அச்சொல்லைப் படைத்தபோது இக்கடல் ஊர்வனவற்றை அதில் சேர்க்கவில்லை.)

1821இல் ஹென்றி டி ல பீச், வில்லியம் கோனிபேர் ஆகிய இருவரும் சிதறிய சில எலும்புகளைக் கொண்டே மற்றொரு விலங்கு இருந்திருக்க வேண்டும் எனக் கணித்தனர். இக்தியோசாரஸைக் காட்டிலும் பல்லிக்கு அணிமையது என்னும் பொருளில் அதற்குப் 'பிளெசியோசாரஸ்' என்று பெயரிட்டனர். பெயர் முன்னே பிறந்தது. உடல் பின்னே வந்தது. 1823 டிசம்பரில் மேரி ஆனிங் ஒன்பது அடி நீளமுள்ள முழு எலும்புக்கூட்டைப் பாறையிலிருந்து வெளிக்கொணர்ந்தார். சிறு தலை, நான்கு துடுப்புகள், நம்புதற்கரிய நீண்ட கழுத்து. படத்தைக் கண்ட பாரிஸ் பேரறிஞர் ஜார்ஜ் குவியே ஐயுற்றார். ஊர்வனவற்றின் கழுத்தில் சில முள்ளெலும்புகளே உண்டு. இதிலோ முப்பதுக்கு மேல். இரு விலங்குகளை ஒட்டிச் செய்த போலியோ என்ற வினா எழுந்தது.

அவ்வினாவின் கனத்தை நாம் உணர வேண்டும். பேராசிரியர் ஒருவர் ஐயத்துக்கு ஆளானால் மற்றொரு கட்டுரை எழுதித் தப்பலாம். எலும்பு விற்று உண்ணும் 24 வயதுப் பெண்ணுக்கோ, போலி விற்றவள் என்ற பழி வாழ்வையே முடித்துவிடும். 1824 பிப்ரவரி 20 அன்று லண்டன் புவியியல் சங்கக் கூட்டத்தில் கோனிபேர் அவ்வெலும்புக்கூட்டை விளக்கினார். குவியே பின்னர்த் தம் ஐயத்தைக் கைவிட்டார். மேரி ஆனிங் அக்கூட்டத்தில் இல்லை. அச்சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல்தான். அச்சான கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. பத்து ஆண்டு கழித்து, தாமஸ் ஹாக்கின்ஸ் என்னும் செல்வர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலைபெற்றுத் தம் தொகுப்பை விற்றார். அதில் ஓர் இக்தியோசாரஸின் உறுப்புகள் சில சாந்தால் செய்து ஒட்டப்பட்டவை என்பது பிறகு வெளிப்பட்டது. ஐயம் எவர்மேல் முதலில் விழுந்தது என்பதையும் வரலாற்றாசிரியர் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேரி ஆனிங்கை வெறும் பொறுக்குநராகக் கருதுவது தவறு. மீனையும் கணவாயையும் தாமே அறுத்துப் பார்த்து உடலமைப்பைக் கற்றார். அக்கரையில் கிடைத்த 'பெசோர் கல்' எனப்பட்ட உருண்டைகள் இக்தியோசாரஸின் வயிற்றுப் பகுதியிலேயே காணப்படுவதையும், உடைத்தால் உள்ளே மீன்முள்ளும் செதிலும் இருப்பதையும் கவனித்தவர் அவர். அவை கல்லான சாணம் என வில்லியம் பக்லாந்து 1829இல் அறிவித்து 'கோப்ரோலைட்' எனக் கிரேக்கப் பெயர் சூட்டினார். 1839இல் ஓர் இயற்கை வரலாற்று இதழ் அவர் கடிதமொன்றின் பகுதியை வெளியிட்டது. ஹைபோடஸ் என்னும் பழஞ்சுறாவின் படிவம் ஒன்றைப் புதிய பேரினம் என ஒருவர் கூறியதை அவர் அதில் மறுத்தார். நேரான பல்லும் வளைந்த பல்லும் ஒரே சுறாவில் இருப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தாம் கண்டதாகக் கூறினார். பெயரிடும் உரிமை தமக்கு வாய்க்காத ஒருவர், பெயர் தவறாக இடப்படுவதைச் சுட்டிக்காட்டிய அக்கடிதத்தை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம்.

அவருக்கு உதவியவர்களும் இருந்தனர் என்பதை மறைத்தல் முறையன்று. 1820இல் தாமஸ் பர்ச் என்னும் படை அதிகாரி தம் புதைபடிவத் தொகுப்பை ஏலமிட்டு, கிடைத்த தொகையை ஆனிங் குடும்பத்துக்கு அளித்தார். டி ல பீச் 1830இல் பண்டைக் கடல் விலங்குகள் ஒன்றையொன்று வேட்டையாடும் காட்சியை ஓவியமாக வரைந்து, அதன் அச்சுப் படிகளை அவர் நலனுக்காக விற்றார். 1847இல் மேரி ஆனிங் மறைந்தபின் சங்கத்தில் அஞ்சலியுரை ஆற்றியவரும் அவரே. ஆனால் பெயர்? சுவிஸ் அறிஞர் லூயி அகாசி 1840களில் இரு மீனினங்களுக்கு ஆனிங்கின் பெயரைச் சூட்டினார். இக்தியோசாரஸ் இனமொன்று 'ஆனிங்கே' என்னும் அடையைப் பெற்றது 2015இல். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் சுரங்கங்களில் கிடைத்த மோசாசாரஸ் வேறு நற்பேறு பெற்றது. மியூஸ் ஆற்றின் இலத்தீன் பெயரால் கோனிபேர் அதனை 1822இல் அழைக்க, ஏழே ஆண்டில் அவ்வூர்ப் படிவங்களைத் தொகுத்த படை மருத்துவர் ஹாஃப்மனின் பெயரும் அடையாகச் சேர்ந்தது.

இக்கதை இங்கிலாந்தோடு நிற்கவில்லை. திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் ஊட்டத்தூரைச் சுற்றியுள்ள நிலம், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அங்குக் கிடைத்த முள்ளெலும்புகளைக் கொண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் லிடெக்கர் 1879இல் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். நாட்டின் பெயர் அதில் ஏறியது; ஊரின் பெயர் ஏறவில்லை. ஆயினும் அவ்வூரின் பெயர் பாறையடுக்கின் பெயராக, 'ஊட்டத்தூர்த் தொகுதி' என, உலகப் புவியியல் நூல்களில் வழங்குகிறது. தனியினம் ஒன்றை நிறுவ அச்சில முள்ளெலும்புகள் போதா எனப் பிற்கால ஆய்வாளர்கள் கருதினர். இண்டிகஸ் என்னும் பெயரின் மதிப்புக் குன்றியது. ஆனால் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊரையொட்டிய களிமண் மேடுகளிலிருந்து எடுத்த இக்தியோசார் பற்களை விளக்கியது. மீன்பல்லி அக்கடலில் நீந்தியது உண்மையே.