ஏரி போய்த் தொட்டி வந்த கதை

தியாகராய நகர் மொட்டைமாடிகளில் கத்தரியும் வெண்டையும் வளர்ப்போர் செம்மண்ணை மூட்டைக் கணக்கில் விலைக்கு வாங்குவதைக் காணுந்தோறும் நமக்கு மாம்பலம் ஏரி நினைவுக்கு வருகிறது. நுங்கம்பாக்கம் தொட்டுச் சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த அந்நீர்நிலையை ஆங்கிலேயர் ‘லாங் டாங்க்’ என்றனர். (டாங்க் என்றால் இன்று நாம் தொட்டி என்றே பொருள் கொள்வோம், சொல் பலித்துவிட்டது போலும்!)

1920களில் ஏரி தூர்க்கப்பட்டது. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரால் நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் இன்றும் உண்டு, ஏரிதான் இல்லை.

ஆயினும் ஏரி வண்டல் உடனே வீணாகிவிடவில்லை. தொடக்ககால வீடுகளுக்குக் கிணறும் கொல்லையும் இருந்தன. பாத்திரம் கழுவிய நீரிலேயே வாழையும் புடலைப் பந்தலும் தழைத்தன. அடுக்ககங்கள் வந்தன, கொல்லை போயிற்று.

2013வாக்கில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, விதையும் பைகளும் மானிய விலையில் வழங்கியது. பைகளை நிரப்பத் தந்தது மண்ணன்று, தென்னைநார்க் கழிவு. மாடிக்குப் பளு ஆகாது என்ற காரணம் சரியானதே. வண்டலின்மேல் குடியிருந்துகொண்டு நாரில் தக்காளி வளர்க்கிறோமே என்பதுதான் நம் ஆற்றாமை.

2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கி நின்றது. மாடித் தொட்டிகளில் மட்டும் அடித்துளை வழியே நீர் ஒழுங்காக வடிந்துகொண்டிருந்தது.