300 என்று எழுதினால் 300 தானா?

கணினி வாங்கப் போனால் நாங்கள் முதலில் பார்ப்பது புரொசசரின் வேகத்தைத்தான். இத்தனை மெகாஹேட்ஸ், இத்தனை கிகாஹேட்ஸ் என்று போட்டிருக்கும். அந்த எண்ணைத் தீர்மானிப்பது யார்? 1998இல் ஒரு மலிவான புரொசசர் இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது.

அந்த வருசம் ஓகஸ்ட்டில் இன்டெல் செலரோன் 300ஏ என்ற புரொசசரை வெளியிட்டது. வேகம் 300 மெகாஹேட்ஸ், மொத்த விலை 149 டொலர். அதே மாதம் வந்த 450 மெகாஹேட்ஸ் பென்டியம் 2இன் விலை 669 டொலர்.

செலரோனின் வேகம் ஒரு சின்னப் பெருக்கல்தான். மதர்போர்ட் தரும் 66 மெகாஹேட்ஸ் துடிப்பு, அதன் 4.5 மடங்கு. 4.5ஐ இன்டெல் பூட்டி வைத்திருந்தது. 66ஐப் பூட்ட முடியவில்லை. அதை 100 ஆக்கினால்? 450! ஏபிட் பிஎச்6 போன்ற மதர்போர்ட்டுகளில் பயோஸிலேயே இதை மாற்றலாம். வேறு போர்ட் வைத்திருந்தவர்கள் பி21 என்ற தொடுமுனையை டேப் ஒட்டியோ கியூட்டெக்ஸ் பூசியோ மறைத்தார்கள். கனக்கச் செலரோன்கள் 450இல் வடிவாக ஓடின. காசில்லாத பொடியங்களுக்குக் கிடைத்த வரம் அது.

இன்டெல் சும்மா பூட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குறைந்த வேகப் புரொசசரின் எழுத்தை அழித்து, கூடிய வேகம் என்று விற்ற வியாபாரிகளும் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

ஆனால் இயற்கையின் கணக்கை ஏமாற்ற ஏலாது. துடிப்பு ஒன்றரை மடங்கானால் வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். வோல்ட்டளவோ வர்க்கமாக வேலை செய்யும். 450இல் கணினி தடுமாறுகிறது என்று 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கினால் வெப்பம் ஏறக்குறைய 1.8 மடங்கு. பெரிய ஹீட்சிங்க், நல்ல ஃபேன் இல்லாவிட்டால் கதை முடிந்தது. அது இருந்தாலும் கூடிய வோல்ட்டளவு சிப்பை உள்ளுக்குள் மெல்ல மெல்ல அரிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பார்கள். வோல்ட்டளவில் கை வைப்பது கடைசியாகத்தான்.

பிறகு என்ன நடந்தது? 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் புரொசசர்களில் துடிப்பைக் கூட்டும் வழியும் அநேகமாக அடைபட்டது. பூட்டில்லாத புரொசசர் வேண்டுமென்றால் பெயரின் முடிவில் 'கே' உள்ளதைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கவேண்டும். முன்பு நாங்களே தேடி எடுத்த இடைவெளி விற்பனைப் பொருளாகிவிட்டது.

இப்போது அந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது. நிறுவனங்களே தங்கள் புரொசசர்களை எல்லைக்குக் கிட்ட ஓட்டி விற்கின்றன. 2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் பல நிலைகுலைந்தன. அளவுக்கு மீறிய வோல்ட்டளவே காரணம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. பயோஸைத் தொட்டே பார்க்காதவர்களின் கணினிகளும் அதில் மாட்டிக்கொண்டன.

1998இல் வோல்ட்டைக் கூட்டிச் சிப்பைக் கெடுத்தவருக்கு, கெடுத்தது தான்தான் என்றாவது தெரிந்திருந்தது.